நாள்மங்கலமும் கையறுநிலையும்

ஒருவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவரே எதிரில் வந்து நின்றால், 'உங்களுக்கு நூறு ஆயுசு' என்பது நம் வீடுகளில் வழக்கம். ஒருவர் இறந்துவிட்டதாகப் பொய்ச்செய்தி பரவி, பின்னர் அவர் நலமாக இருப்பது தெரிந்தால், 'ஆயுசு கெட்டி' என்று ஆறுதல் கொள்வதும் அவ்வழக்கத்தைச் சேர்ந்ததே. இரண்டும் வாழ்த்துகள்தாம். எனினும் இரண்டிலும் ஓர் எண்ணிக்கை ஒளிந்துகொண்டிருக்கிறது. இவருக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்ற கணக்கு அது.

புகழ்பெற்ற முதியவர்கள் விஷயத்தில் இக்கணக்கை ஊரே கூடிப் போடுகிறது. எண்பதைக் கடந்த ஒரு நடிகர் அல்லது பாடகரின் பெயர் ஒருநாள் காலையில் பலர் வாயிலும் அடிபட்டால், 'புதிதாக என்ன செய்தார்?' என்று நாம் கேட்பதில்லை. 'அவருக்கு என்ன ஆயிற்று?' என்றே கேட்கிறோம். 'ஒன்றுமில்லை, இன்று அவருக்குப் பிறந்தநாள்' என்று தெரிந்தபின் நிம்மதி அடைகிறோம். அந்த நிம்மதியைச் சற்று ஆராய்ந்தால், அவரைப் பாதி வழியனுப்பிவிட்ட மனநிலையில்தான் நாம் இருந்தோம் என்பது விளங்கும். இந்த மனநிலை எங்கிருந்து வந்தது, எங்கே தவறாகிறது என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறந்தநாள் விழா மேனாட்டார் தந்தது என்று கருதுவோர் உண்டு. மெழுகுவத்தியும் கேக்கும் வேண்டுமானால் அப்படி இருக்கலாம். மன்னனின் பிறந்தநாளை ஊர் கூடிக் கொண்டாடுவதற்குத் தொல்காப்பியப் புறத்திணையியல் பாடாண் திணையில் இடம் தந்திருக்கிறது. பின்வந்த இலக்கண நூலார் அத்துறையை நாள்மங்கலம் என்றனர். அந்நாளில் மன்னன் சினத்தை விலக்கி இருத்தல் வேண்டும் என்பது மரபு. சிறையில் இருப்போரை விடுவித்தலையும் உரையாசிரியர் குறிப்பர். அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளை ஒட்டித் தமிழக அரசு கைதிகளை முன்விடுதலை செய்யும்போது, அந்தப் பழைய துறையின் நிழலையே காண்கிறோம். முதலாம் இராசராசனின் ஐப்பசிச் சதயம் இன்றும் தஞ்சையில் விழாவாக நடைபெறுவதையும் அன்பர்கள் அறிவர்.

இறந்தோரை நினைந்து இருப்போர் புலம்புவது கையறுநிலை. இது வேறு துறை. ஒருவன் வாழுங்காலத்தில் அவனை நோக்கிப் பாடுவது ஒன்று. அவன் மறைந்தபின் அவனைப் பற்றிப் பாடுவது மற்றொன்று. இலக்கணம் இவ்விரண்டுக்கும் இடையே தெளிவான வரப்புக் கட்டியிருக்கிறது.

எனினும் வரப்பின் மீது நின்று எட்டிப் பார்ப்பது அக்காலத்தும் இருந்தது. புறநானூற்றின் 229ஆம் பாட்டு அதற்குச் சான்று. பாடியவர் கூடலூர் கிழார். பங்குனித் திங்களில் ஓர் இரவு, வானிலிருந்து ஒரு மீன் எரிந்து விழுகிறது. கண்டோர் நடுங்குகின்றனர். நம் வேந்தன் நோயின்றி இருக்க வேண்டுமே என்று நெஞ்சு பதைக்கின்றனர். ஏழாம் நாள் வருகிறது, யானை துதிக்கையை நிலத்தில் இட்டுக் கிடக்கிறது, முரசு உருள்கிறது, கொற்றக்குடை காம்பொடிகிறது. யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை துஞ்சிவிடுகிறான்.

நாம் இப்பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் வானநூற் செய்திகளில்தான் ஆர்வம் காட்டுவார்கள். நமக்கோ அந்த ஏழு நாள்கள்தாம் பெரிதாகத் தோன்றும். மன்னன் உயிரோடிருக்கிறான், ஊரோ அவன் சாவை எதிர்பார்த்து அஞ்சிக்கொண்டிருக்கிறது. ஒரு தலைவரின் உடல்நிலை பற்றிய பொது ஊகத்துக்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்று எனலாம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புலவர் அந்த ஏழு நாளும் அஞ்சினார். பாட்டைப் பாடியது மன்னன் துஞ்சிய பின்னரே. அச்சத்தை முன்னதாகக் கொண்டார். புலம்பலை முன்னதாகச் செய்யவில்லை.

மன்னர் இறந்த இடத்தையே அவர் பெயரோடு சேர்த்து வழங்கும் வழக்கமும் நம்மிடம் இருந்தது. இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவன் என்று அப்பட்டியல் நீளும். ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய அது பயன்பட்டது. எங்கே பிறந்தான் என்பதைவிட எங்கே இறந்தான் என்பது ஊருக்கு நன்றாக நினைவிருந்தது என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம்.

நிற்க. நீண்ட ஆயுளைக் கொண்டாடும் நம் சடங்குகளும் மரணத்தை மறந்து நடப்பவை அல்ல. பிரபவ முதல் அட்சய வரையான 60 ஆண்டுச் சுற்று முடிந்து, பிறந்த ஆண்டின் பெயரே திரும்பி வருவது மணிவிழாவுக்கு அடிப்படை. அவ்விழாவுக்கு மக்கள் நாடிச் செல்லும் தலம் திருக்கடையூர். அங்கே கோயில் கொண்டிருப்பவர் காலசம்ஹாரமூர்த்தி. மார்க்கண்டேயனுக்காக எமனை உதைத்தவர். அறுபது நிறைந்ததைக் கொண்டாட எமனை உதைத்த இடத்தைத் தேர்ந்தெடுத்த முன்னோர், பிறந்தநாளுக்கும் இறந்தநாளுக்கும் உள்ள உறவை நன்றாகவே அறிந்திருந்தனர். சதாபிஷேகத்துக்கு உரியவரை 'ஆயிரம் பிறை கண்டவர்' என்பர். ஒரு முழுநிலவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 29½ நாள். ஆயிரம் முழுநிலவுக்கு 80 ஆண்டும் சுமார் பத்துத் திங்களும் ஆகும். இங்கும் ஓர் எண்ணிக்கைதான். ஆனால் இது கண்டவற்றை எண்ணுவது. மீதியை எண்ணுவது அன்று.

டாக்டர் உ.வே.சாமிநாதையர் 1855இல் பிறந்தவர். அவருடைய சதாபிஷேகம் 1935இல் சென்னையில் சிறப்பாகக் கொண்டாடப்பட்டது. ஓலைச்சுவடிகளோடு அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த ஒருவருக்கு அதுவே நிறைவுவிழா என்று அன்று எவரேனும் எண்ணியிருந்தால் அதை வியப்பதற்கில்லை. ஆனால் அவருடைய குறுந்தொகைப் பதிப்பு 1937இல்தான் வெளிவந்தது. 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கி, 1942இல் அவர் மறையும்வரை தொடர்ந்து, முற்றுப்பெறாமல் நின்றது. இன்று பெரும்பாலோர் அவரை அறிவது அந்த நூலால்தான். எண்பதோடு அவர் கணக்கை முடித்திருந்தால் இழப்பு அவருக்கன்று, நமக்கே.

இனி, வரப்பை மிதித்து அழித்த சில நிகழ்ச்சிகளைப் பார்ப்போம்.

1979 மார்ச் 22. இந்திய நாடாளுமன்றத்தின் மக்களவையில் பிரதமர் மொரார்ஜி தேசாய் எழுந்து, ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானார் என்று அறிவித்தார். உறுப்பினர்கள் புகழஞ்சலி செலுத்தினர், அவை ஒத்திவைக்கப்பட்டது, வானொலி அச்செய்தியை நாடெங்கும் கொண்டுசென்றது. ஜே.பி.யோ பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் உயிரோடு இருந்தார். நெருக்கடி நிலையின்போது 1975 ஜூனில் கைதாகிச் சண்டிகாரில் காவலில் வைக்கப்பட்டிருந்த அவர், அவ்வாண்டு நவம்பரில் உடல் நலிந்த நிலையில் விடுவிக்கப்பட்டார். சிறுநீரகங்கள் பழுதுற்று, இரத்தச் சுத்திகரிப்பின் துணையால் வாழ்ந்து வந்தார். அவர் நிலை கவலைக்கிடமாக இருந்தது உண்மை. அதுபற்றி ஊகங்கள் உலவியதும் உண்மை. ஆனால் இம்முறை ஊகத்தைச் செய்தியாக்கியது தெருமுனைக் கூட்டமன்று. நாட்டின் மிக உயர்ந்த அவை.

அதன்பின் ஜே.பி. சரியாக 200 நாள் வாழ்ந்தார். அந்த நாள்களுக்குள்ளே, அவர் இறந்ததாக அறிவித்த பிரதமர் ஜூலையில் பதவி விலகினார். ஜே.பி. பாட்னாவில் உயிர்நீத்தது அக்டோபர் 8ஆம் நாள். அக்டோபர் 11 அவருடைய 77ஆவது பிறந்தநாளாக இருந்திருக்கும். மூன்று நாள் இடைவெளியில் நாள்மங்கலம் கையறுநிலை ஆயிற்று. மார்ச் மாதத்துப் புகழுரைகளில் சிலவேனும் அவர் செவிக்கு எட்டியிருக்கக்கூடும். தாம் உருவாக்கிய கூட்டணி தம் கண்முன்னே சிதறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்முதியவருக்கு அவை எவ்வாறு ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

அமெரிக்காவிலும் இதையொத்த ஒன்று நிகழ்ந்தது. நகைச்சுவை நடிகர் பாப் ஹோப் 1998 மே 29 அன்று தம் 95ஆவது பிறந்தநாளைக் கண்டார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 5 அன்று, அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபையில் ஓர் உறுப்பினர் எழுந்து ஹோப் மறைந்துவிட்டார் என்று துயரத்தோடு அறிவித்தார். அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த இரங்கற் குறிப்பு, தவறுதலாக அதன் இணையப்பக்கத்தில் வெளியாகிவிட்டதே காரணம். அந்நேரத்தில் ஹோப் தம் வீட்டில் காலையுணவு அருந்திக்கொண்டிருந்தார். 2003இல் நூறாவது பிறந்தநாளையும் கண்டு, அதற்குப்பின் இரண்டு மாதம் கழித்து, ஜூலை 27 அன்று மறைந்தார். நியூயார்க் டைம்ஸ் இதழ் வெளியிட்ட இரங்கற் கட்டுரையை எழுதியவர் வின்சென்ட் கேன்பி. அவர் 2000ஆம் ஆண்டிலேயே இறந்துவிட்டவர்! எவருடைய மறைவைக் குறித்து எழுதினாரோ, அவர் எழுதியவரைவிட ஏறத்தாழ மூன்றாண்டு கூடுதலாக இருந்தார்.

முதியோர், நோயாளிகள் பற்றிய இரங்கற் குறிப்புகளை முன்னதாகவே ஆக்கி வைப்பது செய்தித்தொழிலில் நெடுங்கால வழக்கம். விடியற்காலையில் செய்தி வந்தால் ஒருமணி நேரத்தில் முழு வாழ்க்கை வரலாறு எழுத முடியாது. ஆகவே அத்தொழிலைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆனால் எழுதி வைத்த ஒன்று வெளிவரக் காத்துக்கொண்டே இருக்கும். 2003 ஏப்ரலில் சி.என்.என். தளத்தின் அத்தகைய வரைவுகள் பொதுமக்கள் பார்வைக்குத் தெரிந்துவிட்டன. நெல்சன் மண்டேலா, போப் இரண்டாம் ஜான் பால், பிடல் காஸ்ட்ரோ ஆகியோர் அன்று உயிரோடிருந்தவர்கள், அவ்வரைவுகளில் இறந்தோர்.

தமிழகத்தில் இதைப் பேசுவோர் 1984ஐ மறக்க முடியாது. அவ்வாண்டு அக்டோபர் 5 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சென்னை அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பின்னர் நியூயார்க் புரூக்ளினில் உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கே அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்தது. அவர் உயிரோடு இல்லை என்ற பேச்சு தமிழகத்தின் தேநீர்க் கடைகளில் நாள்தோறும் உலவியது. மறுபுறம் கோயில்களிலும் தேவாலயங்களிலும் மசூதிகளிலும் வேண்டுதல்கள் நடந்தன. மருத்துவமனையில் அவர் இருக்கும் காட்சிகளைப் படமாக்கித் திரையிட்ட பிறகே பலர் நம்பினர். திரையில் கண்டதை மெய்யென நம்பி வளர்ந்த மக்கள், அவர் உயிரோடிருப்பதையும் திரையில் கண்டே நம்ப வேண்டியிருந்தது! டிசம்பர் 24 அன்று நடந்த தேர்தலில், தொகுதிப் பக்கமே வராமல் ஆண்டிபட்டியில் வென்றார். 1985 பிப்ரவரியில் திரும்பிவந்து மீண்டும் முதலமைச்சரானார். அவர் மறைந்தது 1987 டிசம்பர் 24. அத்தேர்தல் நடந்த அதே நாள், மூன்றாண்டு கழித்து.

2016இல் இவ்வரலாறு வேறு உருவில் திரும்பியது. முதலமைச்சர் ஜெயலலிதா செப்டம்பர் 22 முதல் 75 நாள் அப்போலோவில் இருந்தார். அறிக்கைகள் வந்தன, படம் ஒன்றும் வரவில்லை. டிசம்பர் 5 மாலையில் அவர் இறந்துவிட்டதாகச் சில தொலைக்காட்சிகள் அறிவித்தன. கட்சித் தலைமை அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்தபின் மீண்டும் ஏறியது. அன்றிரவே நிலையாக இறங்கியது. ஒரு கொடி இறங்கி, ஏறி, மறுபடியும் இறங்கிய அந்தச் சில மணி நேரத்தை நாம் இன்னும் மறக்கவில்லை. அவர் மறைந்த பின்னும் ஐயம் ஓயாததால் விசாரணை ஆணையம் அமைந்து, 2022இல்தான் அதன் அறிக்கை வெளிவந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மக்கள் கேட்டதைப் புரளி என்று தள்ளிவிட முடியாது. ஆள்பவரின் உடல்நிலை அரசின் நிலையைப் பற்றியது. கூடலூர் கிழாரின் ஊர் மீன் விழுந்ததும் நடுங்கியது அதனால்தான். அரண்மனை வாய் மூடிக்கொண்டால் மக்கள் வானத்தைப் பார்த்துக் குறி கேட்பார்கள். பெரியார் இவ்வகையில் விதிவிலக்கு. பதவி ஏதும் வகிக்காத அவர், தம் முதுமையை ஒளிக்கவே இல்லை. சிறுநீர்க் குழாயோடும் அதற்குரிய பாத்திரத்தோடும் மேடையேறினார். வலியால் முனகியபடியே பேசினார். 1973 டிசம்பர் 19இல் தியாகராய நகரில் கடைசிச் சொற்பொழிவு ஆற்றிய அவர், 24ஆம் நாள் வேலூரில் மறைந்தபோது வயது 94. கண்முன்னே தெரிந்த முதுமை ஊகத்துக்கு அதிக இடம் தரவில்லை.

கலைஞர்கள், புலவர்கள் விஷயம் வேறு. ஒரு பாடகருக்கு என்ன நோய் என்று அறியும் உரிமை நமக்கு இல்லை. அன்பு மட்டுமே உண்டு. எஸ்.பி.பாலசுப்பிரமணியம் 2020 ஆகஸ்டில் மருத்துவமனையில் சேர்ந்து செப்டம்பர் 25 அன்று மறையும்வரை, அவருடைய மகன் அவ்வப்போது காணொளியில் தோன்றி உள்ளதை உள்ளவாறு கூறினார். தவறான செய்திகளை மறுத்தார். அது அவர் கடமையன்று. நமக்குச் செய்த கொடை. எல்லாக் குடும்பங்களிடமும் அதை எதிர்பார்ப்பது முறையாகாது.

அவ்வாறாயின் கலைஞரைப் பற்றிய ஊகம் ஏன் எழுகிறது? வன்மத்தால் அன்று, அன்பின் குறைவாலும் அன்று. ஆண்டில் ஒருநாள் மட்டும் அவரை நினைக்கிறோம் என்பதால் எழுகிறது. மற்ற 364 நாளும் அவர் பெயர் நம் வாயில் வருவதில்லை. ஆகவே பிறந்தநாள் அல்லாத ஒருநாளில் அப்பெயர் காதில் விழுந்தால், மனம் தானாகவே அடுத்த விடைக்குத் தாவுகிறது. எஞ்சியிருப்பது ஒரே விடைதானே!

இதைப் பிறர் குற்றமாக மட்டும் எழுதிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள இயலாது. சில ஆண்டுகளுக்கு முன் முதுபெரும் பதிப்பாசிரியர் ஒருவர் நோயுற்றுக் கிடந்தார். வயது 86. சிற்றிதழ் நடத்தும் நண்பர் நம்மை அழைத்து, 'எப்படியும் தேவைப்படும், எழுதி வையுங்கள்' என்றார். ஓரிரவில் எழுதி முடித்தோம். அவருடைய பதிப்பு நெறியை, பாட வேறுபாடுகளை அவர் ஆண்ட நேர்மையை மனமாரப் பாராட்டி எழுதினோம். 'இருந்தார்', 'உழைத்தார்', 'மறைந்தார்' என்று எல்லா வினைமுற்றும் இறந்தகாலத்தில் அமைந்தன. அவர் பிழைத்துக்கொண்டார். கட்டுரை நம் மேசை இழுப்பறையில் கிடந்தது.

மறு ஆண்டு அவர் பிறந்தநாளுக்குப் பொன்னாடையோடு சென்றிருந்தோம். கூட்டம் கலைந்தபின் நம் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, அந்தப் பதிப்புக்கு இருபது வருஷம் உழைச்சேன். நல்லா இருக்குன்னோ தப்புன்னோ ஒருத்தரும் ஒரு வரி எழுதலையே" என்றார். "எழுதுவாங்க ஐயா" என்று மட்டும் சொன்னோம். அவர் கேட்ட அந்த ஒரு வரி ஏழு பக்கமாக நம் இழுப்பறையில் இருந்தது. காலத்தை மாற்றி, கடைசிப் பத்தியை நீக்கி அனுப்பியிருந்தால் அடுத்த மாதமே அச்சேறியிருக்கும். அப்போது அது நமக்குத் தோன்றவில்லை. தோன்றியபோது வெட்கம் தடுத்தது. அவர் மேலும் மூன்றாண்டு வாழ்ந்தார். பின்னர் அக்கட்டுரை தேதி மட்டும் சேர்த்து வெளிவந்தது. படித்தவர்கள் நன்றாக இருப்பதாகக் கூறினார்கள். படிக்க வேண்டியவர் இல்லை.

தொல்காப்பியர் பிறந்தநாள் விழாவைப் பாடாண் திணையில் வைத்ததன் அருமை அதன்பின்தான் நமக்குப் புரிந்தது. பாடப்படுவோன் எதிரில் இருந்து கேட்க வேண்டும். அதுவே அத்திணையின் உயிர். அன்றுமுதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறோம். மூத்தவர் ஒருவரின் பெயர் திடீரென்று காதில் விழுந்து நெஞ்சு திடுக்கிட்டால், அவர் நலமாக இருப்பதை அறிந்துகொண்டு, அன்றே அவருக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிவிடுகிறோம். அவருடைய நூலில் நமக்குப் பிடித்த ஒரு பக்கத்தைக் குறிப்பிடுகிறோம். அவர் பிறந்தநாள் வரும்வரை காத்திருப்பதில்லை.